படுக்கைப்புண் யாருக்கு வரும்?

படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் பெரும்பாலும் புண் கண்ணில் பட்ட பிறகுதான் நர்ஸைக் கூப்பிடுகின்றன. "நேத்து வரைக்கும் ஒண்ணுமே இல்ல சிஸ்டர். இன்னிக்குக் காலையில மாமியாருக்கு உடம்பு துடைச்சு விடும்போது பாத்தா, இடுப்புக்குக் கீழ கருநீலமா இருக்கு" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். நேற்று எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் சேதம் நேற்று நடந்ததல்ல. எலும்பை ஒட்டியிருக்கும் தசை அழுத்தத்தைத் தோல் அளவுக்குத் தாங்காது. அது முதலில் சாகும், தோல் பிறகுதான். உள்ளே நசுங்கிய இடம் வெளியே நிறம் மாறித் தெரிய 48 முதல் 72 மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே திடீரென்று ஒரு கருநீலத் திட்டு தெரிந்தால் இரண்டு மூன்று நாள் பின்னோக்கி யோசியுங்கள். அன்று நீண்ட நேரம் ஆபரேஷன் மேஜையில் கிடந்தாரா? ஆம்புலன்ஸ் பலகையில் வெகுதூரம் வந்தாரா? ராத்திரி கீழே விழுந்து, விடியும்வரை யாருக்கும் தெரியாமல் தரையிலேயே கிடந்தாரா? பெரும்பாலும் விடை அங்கே கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரிவது இவ்வளவு தாமதமாக வருவதால், தோலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. யாருக்கு வரக்கூடும், இன்றைக்கு அதற்கான வாய்ப்பு கூடியிருக்கிறதா என்பதைத் தோலுக்கு முன்னால் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான். ஆபத்து நோயின் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரே அளவில் நிற்பதில்லை, நாளுக்கு நாள் மாறும். பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் புண்ணே வராமல் இருந்தவருக்கு, மூன்று நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் நான்காம் நாள் வந்துவிடலாம்.

அழுத்தமும் நேரமும்

உடம்பின் பாரத்தைச் சில எலும்பு முனைகள்தான் தாங்குகின்றன. மல்லாந்து படுத்தால் பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்புப் பகுதி, குதிகால். ஒருக்களித்தால் காது, தோள், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்காலின் உட்புறம், கணுக்கால். உட்கார்ந்தால் புட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். இந்த முனைகளுக்கும் மெத்தைக்கும் நடுவே சதை சிக்கும்போது அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன.

1930-இல் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், ஆரோக்கியமானவர்களின் நகக்கண்ணில் நுண்குழாய்க்குள் ரத்தம் நுழையும் இடத்து அழுத்தத்தை அளந்தார். அது சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தது. மெத்தை விற்பவர்கள் இன்றும் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். அதை ஒரு லட்சுமணக் கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திடகாத்திரமானவரின் விரலில் அளந்த எண், ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கும் எண்பது வயதுப் பாட்டியின் குதிகாலுக்குப் பொருந்தாது. அதைவிடப் பயனுள்ள உண்மை 1959-இல் கோசியாக் செய்த விலங்கு ஆய்வில் கிடைத்தது: அதிக அழுத்தம் கொஞ்ச நேரத்தில் செய்யும் சேதத்தைக் குறைந்த அழுத்தம் நீண்ட நேரத்தில் செய்துவிடும். மெத்தை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் புரட்டிப் படுக்க வைக்கும் வேலை ஒழியாது என்பதற்கு இதுவே காரணம்.

அசையாமல் கிடப்பது

எல்லாக் காரணங்களுக்கும் தலையாயது இது. தூங்கும்போதும் நாம் சும்மா கிடப்பதில்லை. ஒரு தோளை நகர்த்துகிறோம், காலை மடக்குகிறோம், புரள்கிறோம். 1961-இல் எக்ஸ்டன் ஸ்மித், ஷெர்வின் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள், முதியோர் வார்டில் இருந்தவர்கள் ராத்திரி எத்தனை முறை தாமாக அசைகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். இருபது முறைகூட அசையாதவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வந்தது. ஐம்பது முறைக்கு மேல் அசைந்தவர்களுக்கு வரவில்லை. நோயின் பெயரைக் காட்டிலும் இந்தச் சின்னச் சின்ன அசைவுகள் அதிகம் சொல்லின.

இதை வீட்டிலேயே கவனிக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு எப்படிப் படுக்க வைத்தீர்களோ, காலை ஐந்து மணிக்கும் போர்வை மடிப்புக்கூடக் கலையாமல் அப்படியே கிடக்கிறாரா? "நல்லாத் தூங்கினார்" என்று சந்தோஷப்படுவதற்கு முன் அதைப் பாருங்கள். கூப்பிட்டால் பதில் சொல்கிறார், கையால் டம்ளர் பிடிக்கிறார், ஆனால் இடுப்பைத் தானாகத் தூக்க முடியவில்லை என்றால், ஆபத்தைப் பொறுத்தவரை அவர் அசையாதவர்தான்.

அசைவைக் குறைப்பவை பல. பக்கவாதம், தண்டுவடக் காயம், பார்கின்சன் நோய் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் போவது தூக்க மாத்திரை. மறதி நோயில் ராத்திரி முழுவதும் கத்துபவரைச் சமாளிக்க முடியாமல் குடும்பம் மருத்துவரிடம் மாத்திரை கேட்கும். கேட்பதில் தப்பில்லை, வீட்டில் மற்றவர்களும் தூங்க வேண்டுமே. ஆனால் மாத்திரை தொடங்கிய ராத்திரியிலிருந்து அவருடைய தன்னசைவு வெகுவாகக் குறைந்துபோகிறது. அன்று முதல் யாராவது ஒருவர் எழுந்து அவரைத் திருப்பியாக வேண்டும்.

இன்னொன்று வலி. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் முதியவர் அசையவே மாட்டார், அசைத்தால் அலறுவார். பார்க்கிறவர்களுக்கும் மனசு வராது. "பாவம், தொடாதீங்க" என்று விட்டுவிடுவார்கள். இரண்டே நாளில் குதிகாலும் வால் எலும்பும் கெட்டுப்போகும். இங்கே செய்ய வேண்டியது, மருத்துவர் எழுதிய வலி மருந்தைத் தள்ளிப்போடாமல் நேரத்துக்குக் கொடுத்து, அது வேலை செய்யும் நேரத்தில் மெல்லத் திருப்புவது. முறிந்த பக்கம் எந்தக் கோணம் கூடாது என்பதை எலும்பு மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது பழைய, நல்ல பழக்கம். இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டு வந்த வீரர்களை இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் 1944 முதல் லுட்விக் குட்மன் இப்படிப் புரட்டித்தான் பிழைக்க வைத்தார். அதற்கு முன் அந்த நோயாளிகள் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் இரண்டு மணி என்பது எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. திருப்பிய பிறகு, அதுவரை அழுந்தியிருந்த இடத்தைப் பாருங்கள். சிவப்போ கருமையோ அரை மணி நேரத்துக்குப் பிறகும் மாறவில்லை என்றால் அவருக்கு இரண்டு மணி நேரம் அதிகம். இடைவெளியைக் குறையுங்கள்.

வலி தெரியாத உடம்பு

உட்கார்ந்த இடம் வலித்தால் நாம் நகர்ந்துகொள்கிறோம். அந்த வலி தெரியாதவருக்கு நகரத் தோன்றாது. இதை உலகத்துக்கு விளக்கியதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். தொழுநோய் சதையைத் தின்கிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாமல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தி நடந்ததாலேயே அந்தப் புண்கள் வந்தன என்று அவர் காட்டினார். அந்த இடத்தின் அழுத்தத்தைக் குறைத்ததும் புண்கள் ஆறின.

அதே விதி முதுகெலும்பு அடிபட்டவருக்கும், பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்தவருக்கும், மயக்கத்தில் இருப்பவருக்கும் பொருந்தும். சூப்பர்மேன் படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் கழுத்துக்குக் கீழ் செயலிழந்து ஒன்பது வருடம் வாழ்ந்தார். பணத்துக்கும் பணியாளர்களுக்கும் குறைவில்லாத வீடு. 2004-இல் அவர் இறந்தபோது, தொற்று ஏறிய படுக்கைப்புண்ணுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். உணர்ச்சியற்ற உடம்புக்கு இந்த ஆபத்து ஆயுள் முழுவதும் உண்டு, பழகிவிட்டது என்று தளர முடியாது.

சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். "இவருதான் படுக்கையில இல்லையே, நாள் பூரா உக்காந்துதானே இருக்கார்" என்பார்கள். உட்காரும்போது பாரத்தில் பெரும்பகுதி இரண்டு சிறிய எலும்பு முனைகளில் இறங்குகிறது. படுப்பதைவிட அழுத்தம் கூடுதல். கையில் பலம் உள்ளவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை மாற்ற வேண்டும். முடியாதவரை இன்னொருவர் சாய்த்துவிட வேண்டும்.

சறுக்கல்

இதைத்தான் குடும்பங்கள் அதிகம் தவறவிடுகின்றன. ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள். பதினைந்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். தாடை நெஞ்சில் இடிக்க, உடம்பு கீழே வழிந்திருக்கும். குதிகால் கட்டிலின் கால்மாட்டை நோக்கி ஊன்றியிருக்கும். வெளித்தோல் பெட்ஷீட்டில் ஒட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளே எலும்பு மட்டும் கீழ்நோக்கி நகர்ந்திருக்கிறது. நடுவில் உள்ள ரத்தக் குழாய்கள் இழுபட்டு வளைந்து முறுக்கிக்கொள்கின்றன. நேரான அழுத்தத்தைவிட இந்த இழுவிசை ஆழத்தில் வேகமாகச் சேதம் செய்யும். மேலே ஒரு கீறல்கூடத் தெரியாது.

பிறகு நீங்கள் செய்வது என்ன? இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து, "ஏலேலோ" என்று மேலே இழுக்கிறீர்கள். இப்போது இழுவிசை எதிர்த்திசையில். முழங்கையும் குதிகாலும் துணியில் தேய்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை முறை சறுக்கி எத்தனை முறை இழுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், வால் எலும்பு ஏன் புண்ணாகிறது என்பது விளங்கிவிடும்.

தலைப்பக்கத்தை முடிந்தவரை 30 டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டாம். கட்டிலில் முழங்கால் பகுதியைத் தூக்கும் வசதி இருந்தால் முதலில் அதைத் தூக்கி, பிறகு தலையைத் தூக்குங்கள். வசதி இல்லையென்றால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது மட்டும் 30 முதல் 45 டிகிரி உயர்த்தித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். கொடுத்து முடித்து, மருத்துவமனையில் சொன்ன நேரம் வரை, பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், அப்படியே வைத்துப் பிறகு இறக்குங்கள். இறக்க மறந்துவிட்டு நாள் முழுக்க அப்படியே விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மேலே நகர்த்த, தோளிலிருந்து தொடை வரை அடியில் குறுக்காக ஒரு கெட்டியான பழைய பருத்திப் போர்வையை நான்காக மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஒருவராக இருக்கும்போது இழுக்காதீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஈரம்

சிறுநீரிலும் வியர்வையிலும் ஊறிய தோல் எளிதில் உரியும், துணியில் அதிகம் ஒட்டும். மலம் அதைவிட மோசம், அதில் உள்ள செரிமானப் பொருள்கள் தோலை அரிக்கும். ஆன்டிபயாடிக் தொடங்கியபின் வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே ஆபத்து ஒரு படி ஏறிவிட்டது என்று கொள்ளுங்கள். டயப்பர் நிறையட்டும் என்று காத்திருக்காமல், திருப்பும்போதெல்லாம் தொட்டுப் பாருங்கள். மென்மையாகத் துடைத்து, ஒற்றி உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு களிம்போ வாசலினோ மெல்லிசாகப் பூசினால் போதும். பவுடரை அள்ளிக் கொட்டினால் ஈரத்தில் கட்டிகட்டியாகி அதுவே உறுத்தும். ரப்பர் ஷீட் நேரடியாகத் தோலில் படக்கூடாது. சித்திரை வெயிலில் ரெக்சின் உறை போட்ட மெத்தையில் படுத்திருப்பவரின் முதுகு எப்போதும் நனைந்தே இருக்கும்.

சாப்பாடு

நோயாளிக்கு லேசான ஆகாரம் என்று கஞ்சியும் இளநீரும் மட்டுமே கொடுத்துவருவது நம் வீடுகளில் சகஜம். ஒரு வாரத்துக்கு அது சரி. மாதக்கணக்கில் அதுவே உணவானால் சதை கரைந்து, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே இருந்த இயற்கையான திண்டு காணாமல் போகும். ஆபத்தில் இருப்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 60-க்கு மேல், 75 கிராம் வரை. நான்கு டம்ளர் அரிசிக் கஞ்சி குடித்தாலும் பத்து கிராம் அளவில்தான் சேரும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, ஒரு கைப்பிடிப் பருப்பில் 6, 7 கிராம், நூறு கிராம் மீனில் 18 முதல் 20. குழாய் வழி உணவிலும் பருப்புத் தண்ணீர் மட்டும் போகாமல், அரைத்து வடிகட்டிய பருப்பே போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

படுக்கையில் இருப்பவரை எடை பார்ப்பது கடினம். அதனால் வேறு அடையாளங்களைப் பாருங்கள். வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா, பல்செட் ஆடுகிறதா. பல்செட் பொருந்தாமல் சாப்பிட மறுப்பவரை "பசியே இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறோம். குண்டாக இருப்பவருக்கு வராது என்று நினைக்கவும் வேண்டாம். பெருத்த உடம்பில் மடிப்புகள் வேர்க்கும், புரட்ட ஆள் போதாது, இழுத்து நகர்த்துவதால் தேய்ப்பும் அதிகம்.

ரத்தம் போய்ச்சேராத இடங்கள்

ரத்தசோகை, இதய பலவீனம், சர்க்கரை, காலின் ரத்தக் குழாய் அடைப்பு, புகைப்பழக்கம், குறைந்த ரத்த அழுத்தம் என எது இருந்தாலும் நசுங்கிய சதைக்கு மீள்வதற்கான ஆக்சிஜன் குறைகிறது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், வியர்வையும் கூடும், சாப்பாடு குறையும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவரின் தோல் காகிதம் மாதிரி இருக்கும். ஏற்கெனவே புண் வந்து ஆறிய இடம் பழைய பலத்தை முழுதாக ஒருபோதும் பெறுவதில்லை. புதிதாகப் பார்த்துக்கொள்ள வரும் ஆளிடம் அந்தத் தழும்பைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

குழாயும் கயிறும் கொலுசும்

எலும்பு இல்லாத இடத்திலும் புண் வரும். ஆக்சிஜன் குழாய் சுற்றிவரும் காதின் பின்புறம், மூச்சுக்கு உதவும் பைபேப் முகமூடி உட்காரும் மூக்குத்தண்டு, மூக்குக் குழாயை பிளாஸ்திரி போட்டு இழுத்து ஒட்டிய நாசித்துளி, யூரின் குழாய் தொடைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இடம், கழுத்துப்பட்டையின் விளிம்பு, மாவுக்கட்டின் உட்புறம் என்று இடங்கள் பல. கோவிட் காலத்தில் மூச்சுக்காகக் குப்புறப் படுக்க வைத்தவர்களுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் தாடையிலும் புண் வந்ததைப் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பார்த்தன. காலையும் மாலையும் குழாயைச் சற்று விலக்கி அடியில் பாருங்கள். மூக்குக் குழாயின் பிளாஸ்திரியை இடம் மாற்றி ஒட்டுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய சில உறுத்தல்களும் உண்டு. அரைஞாண் கயிற்றின் முடிச்சு, தாயத்து, பாவாடை நாடாவின் முடிச்சு இடுப்பெலும்பின் மேலேயே உட்காருவது, கொலுசின் திருகாணி, கொண்டைக்குள் மறந்துவிட்ட ஹேர்பின். அதோடு படுக்கையில் விழுந்து கிடக்கும் ஊசி மூடி, ஸ்பூன், செல்போன் சார்ஜர். உணர்ச்சி இல்லாதவருக்கு அடியில் ஒரு மருந்து பாட்டில் மூடி ராத்திரி முழுவதும் கிடந்தால் காலையில் அதே வட்டத்தில் தோல் கறுத்திருக்கும். அரைஞாணையோ தாயத்தையோ கழற்றுவது பெரியவர்களுக்கு மனக்குறையாக இருந்தால், கட்டில் கம்பியில் கட்டி வையுங்கள். பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.

நம் தோலில் எப்படிப் பார்ப்பது

"சிவந்திருக்கிறதா பாருங்கள், அழுத்தினால் வெளுக்கிறதா பாருங்கள்" என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அவை வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்டவை. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு தெரியாது, வெளுப்பதும் தெரியாது. முதல் நிலையிலேயே பிடிக்க வேண்டியது இதனால் நம்மிடம் தவறிப்போய், தோல் பிய்ந்த பிறகு கண்ணில் படுகிறது.

ஆகவே கையால் பாருங்கள். ஜன்னலைத் திறந்து பகல் வெளிச்சத்தில், புறங்கையை முதலில் நல்ல தோலில் வையுங்கள், பிறகு எலும்பு முனையில் வையுங்கள். சூடாக இருக்கிறதா, அல்லது குளிர்ந்திருக்கிறதா? விரலால் மெல்லத் தொட்டால் கல் மாதிரி கெட்டியா, அழுகிய பழம் மாதிரி கொழகொழவென்றா? சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கூடுதல் கறுப்பாக, ஊதாவாக, பளபளப்பாக இருக்கிறதா? பேசக்கூடியவரிடம் "இங்க எரியுதாம்மா, அரிக்குதா?" என்று கேளுங்கள். நிறம் மாறுவதற்கு முன்பே வலி வரும். குதிகாலைப் பார்க்கும்போது காலைத் தூக்கிப் பின்பக்கம் வரை பாருங்கள், போர்வை ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சந்தேகம் வந்த இடத்தில் எண்ணெய் தடவித் தேய்க்கக் கூடாது. உள்ளே ஏற்கெனவே நைந்திருக்கும் சதை இன்னும் நையும். ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டுத் தட்டும் பழைய முறையும் வேண்டாம், ஸ்பிரிட் தோலை வறட்டுகிறது. நல்ல தோலில் தேங்காய் எண்ணெய் மெல்லப் பூசுவதில் குற்றமில்லை.

மதிப்பெண் அட்டை

மருத்துவமனைகளில் நர்ஸ்கள் ஆபத்தை எண்ணாக எழுதுவார்கள். 1962-இல் இங்கிலாந்தில் டொரீன் நார்ட்டன் என்ற நர்ஸும் அவருடைய குழுவும் வெளியிட்ட அட்டை முன்னோடி. இன்று பரவலாக இருப்பது, பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் அமெரிக்காவில் உருவாக்கி 1987-இல் வெளியிட்டது. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், சாப்பாடு, தேய்ப்பும் சறுக்கலும் என்று ஆறு கேள்விகள். மொத்தம் 6 முதல் 23 வரை மதிப்பெண். எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து, 12-ம் அதற்குக் கீழும் அதிக ஆபத்து. டிஸ்சார்ஜ் ஆகும்போது "பிரேடன் ஸ்கோர் எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டு வாங்கி வாருங்கள்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அட்டை சர்க்கரையைக் கேட்பதில்லை, ரத்த அழுத்தத்தைக் கேட்பதில்லை, காய்ச்சலையும் ஆறிய பழைய புண்ணையும் மூக்கில் மாட்டிய குழாயையும் கேட்பதில்லை. முக்கியமாக, அது எழுதிய நாளுக்கு மட்டுமே உண்மை. வீட்டில் தினமும் மதிப்பெண் போட வேண்டியதில்லை. தினமும் காலையில் ஒரே கேள்வி போதும்: நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது? புது மாத்திரை, புதுக் காய்ச்சல், பேதி, சாப்பாட்டைத் தள்ளிவிட்டது, வழக்கத்தைவிட மந்தமாக இருப்பது, நேற்று டயாலிசிஸுக்குப் போய் நாலு மணி நேரம் ஒரே நாற்காலியில் இருந்தது, எப்போதும் பார்த்துக்கொள்ளும் அண்ணி ஊருக்குப் போனது. இதில் ஒன்று "ஆம்" என்றால் அன்று முதல் திருப்பும் இடைவெளியைக் குறைத்து, தோலைக் கூடுதலாக ஒரு முறை பாருங்கள். மாற்றம் சரியாகும்வரை அப்படியே தொடருங்கள்.

வீடும் ஆள்பலமும்

பார்த்துக்கொள்ளும் ஆள் ஊருக்குப் போவதை எந்த அட்டையும் எழுதாது. வீட்டில் இருக்கும் ஆட்கள் எத்தனை பேர், ராத்திரி இரண்டு மணிக்கு எழுபவர் யார், அவருக்கு முதுகு வலி உண்டா என்பவையும் ஆபத்துக் காரணங்களே. ஒரே மருமகளோ ஒரே மகளோ இருபத்து நாலு மணி நேரமும் பார்க்கும் வீட்டில், அவர் உடம்பு முடியாமல் போகும் வாரத்தில்தான் புண் வருகிறது. முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆண்களும் சேர்ந்து. சுவரில் ஒரு தாளை ஒட்டி, மணி, எந்தப் பக்கம், யார் திருப்பியது என்று எழுதினால் சண்டையும் குறையும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரண ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, வருபவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

காற்று மெத்தை வாங்கினால் நோயாளியின் எடைக்குத் தக்க அளவில் மோட்டாரைத் திருகி வையுங்கள். முழுக் காற்றில் கல் மாதிரி இருந்தால் பயனில்லை. அவர் படுத்திருக்கும்போதே இடுப்புக்கு நேர் கீழே, காற்று மெத்தைக்கு அடியில், உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. அதன்மேல் ஜமக்காளம், ரப்பர் ஷீட், இரண்டு பெட்ஷீட் என்று அடுக்கினால் மெத்தை வாங்கிய காசு வீண். கரண்ட் போனால் காற்று இறங்கத் தொடங்கும், மின்வெட்டு நேரத்தில் கை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் மட்டும் வேண்டவே வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் வருவதைத் தடுக்கிறது. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பதும் அப்படியே. கெண்டைக்கால் நெடுக ஒரு தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கட்டும்.

கடைசி நாட்களில்

உயிர் பிரியும் தறுவாயில் மற்ற உறுப்புகளைப் போலத் தோலும் செயலிழக்கிறது. அப்போது வால் எலும்பின் மேல் சில மணி நேரத்திலேயே கருஞ்சிவப்புத் திட்டு தோன்றலாம். எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு வரும். அதைக் கண்டு "நீ சரியாப் பாக்கல" என்று உறவினர் யாராவது சொன்னால், கூடவே இருந்து பார்த்தவர் அதை வாழ்நாள் முழுக்கச் சுமப்பார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள், சொல்பவரைத் தடுங்கள். இந்தக் கட்டத்தில் மணிக்கணக்கை விட்டுவிடலாம். திருப்பும்போது முகம் சுளிக்கிறார் என்றால் மருத்துவர் சொன்ன வலி மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத் திருப்புங்கள். அதுவும் முடியவில்லை என்றால் முழுக்கத் திருப்ப வேண்டாம். ஒரு பக்கத் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் மடித்த துண்டைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மறுபக்கம் வையுங்கள்.